500 மீட்டருக்கு உள்ளே

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தில் வீராணம் ஏரிக்குக் கிழக்கே, ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடும் கிராமங்களில் ஒன்று. பெயர் சொல்லவில்லை, சொன்னால் பொங்கலுக்குப் போகும்போது பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காட்டுமன்னார்கோயில் போகும் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து வாய்க்கால் கரையோடு இரண்டரை கிலோமீட்டர் உள்ளே வந்தால் முதலில் ஊர், அதன் கடைசியில் மாரியம்மன் கோயில். கோயிலைத் தாண்டி வயலுக்கு நடுவே இன்னும் 400 மீட்டர் போனால் எங்கள் தெரு. தாள்களில் அதற்குப் பெயர் காலனி. (அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊர் வாயிலிருந்து எடுப்பதற்கு ஆணை எதுவும் கிடையாது.)

நல்ல ரோடு வந்தால் ஏழைகள் முன்னேறுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்வேன். ஆனால் யார், எதில், எவ்வளவு என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. ஒரே ஊரின் இருபது வருஷத்துக் கதையை எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

களி

எங்கள் மண் களிமண். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் பிசைந்த மாவு மாதிரி காலைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி பிறந்தால் செருப்பு கையில்தான். சைக்கிள் கதை இன்னும் மோசம்: சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களி அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது, பத்தடிக்கு ஒரு தடவை இறங்கிக் குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் குச்சியும் உடைந்துவிடும், அப்புறம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்போம். அதனால் மழைக்காலம் முழுக்க சைக்கிள்கள் மெயின் ரோட்டு டீக்கடைக்குப் பின்னால் கிடக்கும். மாதம் ஐந்து ரூபாய் கடைக்காரருக்கு.

எட்டாவது வரை ஊரிலேயே பள்ளிக்கூடம், ஒன்பதாவதுக்கு மெயின் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். எங்கள் தெருவில் என்னோடு எட்டாவது முடித்த நாலு பெண்களில் ஒருத்திதான் ஒன்பதில் சேர்ந்தாள், அவளும் கார்த்திகை மழையோடு நின்றுவிட்டாள். படிப்பு வராமல் இல்லை. முழங்கால் வரை சேற்றோடு போய் வகுப்பில் உட்கார அவளுக்குக் கூச்சம், சாயங்காலம் இருட்டில் வாய்க்கால் கரையில் மகள் தனியாக வருவதில் அவள் அம்மாவுக்குப் பயம்.

என் சின்னம்மாவுக்கு இரண்டாவது பிரசவம் அந்த மாதிரி ஒரு ஐப்பசி ராத்திரியில்தான். கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கினார்கள், அரிக்கேன் விளக்கோடு நான் முன்னால் போனேன். இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். மெயின் ரோட்டில் வேன் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. அந்தச் சேறு சிலருக்குச் சோறும் போட்டது. நெல் வாங்க வரும் வியாபாரி லாரியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிடுவார், உள்ளே வரமாட்டார், உள்ளிருந்து மூட்டையைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவை விலையில் கழித்துக்கொள்வார். அது நிலம் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டம். சொந்த நிலம் இல்லாத எங்கள் தெரு ஆண்களுக்கு அந்த மூட்டைதான் தை, மாசி வருமானம்.

பலகையில் எழுதியிருந்தது

நான் பத்தாவது படிக்கும்போது தார் ரோடு வந்தது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியது. மழைக்காலத்திலும் வண்டி போகிற மாதிரி ஒரு சாலைகூட இல்லாத குடியிருப்புகளுக்குச் சாலை போடுவது அதன் வேலை. சமவெளியில் மக்கள்தொகை 500 இருந்தால் தகுதி, மலைப்பகுதியில் 250. முதலில் முழுச் செலவும் மத்திய அரசுடையது, பின்னால்தான் 60:40 என்று மாநிலமும் பங்கு போட ஆரம்பித்தது.

எங்கிருந்தோ லாரி லாரியாகச் செம்மண் கிராவல் வந்து இறங்கியது. எங்கள் கறுப்பு மண்ணில் அந்தச் சிவப்பைப் பார்த்தபோது பண்டிகை மாதிரி இருந்தது. அப்புறம் ஜல்லி, ரோலர், தார் கொதிக்கும் டிரம். மூன்றே முக்கால் மீட்டர் அகலத்துக்கு ஒற்றை வழிப் பாதை, இரண்டு பக்கமும் மண் அணைப்பு. முடிந்ததும் பலகை நட்டார்கள்: தூரம், மதிப்பீடு, ஒப்பந்தக்காரர் ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்கிற விவரம். ரோடு எங்கே முடிகிறது என்பதும் இருந்தது. மாரியம்மன் கோயில்.

அதற்கு மேல் 400 மீட்டர் பழைய களி அப்படியே. பணம் பற்றவில்லை என்று ஒருவர், கோயிலைத் தாண்டினால் பட்டா நிலம் குறுக்கே வருகிறது என்று ஒருவர், நாங்கள் ஓட்டு மாற்றிப் போட்டோம் என்று ஒருவர், இப்படி ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணத்தைப் பல வருஷம் கழித்து, வேலை விஷயமாக அந்தத் திட்டத்தின் விதிமுறைகளைப் படித்தபோதுதான் கண்டுபிடித்தேன். அதில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது 500 மீட்டர் தூரத்துக்குள் உள்ள குடியிருப்புகளை எல்லாம் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம். இன்னொன்று, ஒரு குடியிருப்பு 'இணைக்கப்படாதது' என்று ஆக வேண்டுமென்றால் அது நல்ல சாலையிலிருந்தோ, ஏற்கெனவே சாலை உள்ள குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். தலை எண்ணும்போது நாங்கள் ஊரோடு சேர்த்தி, எங்களையும் எண்ணித்தான் 500 தாண்டியது. ரோடு போடும்போது நாங்கள் ஏற்கெனவே இணைக்கப்பட்டவர்கள், ஏனென்றால் 400 என்பது 500-க்கு உள்ளே.

இதை எழுதியவர்கள் யாரையும் ஒதுக்க நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள், நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு அளவு வேண்டும், வைத்தார்கள். ஆனால் கடலூர் மாவட்டத்தில் பத்தில் மூன்று பேர் பட்டியல் சாதியினர், 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 29 சதவீதம். ஊருக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள தூரம் இங்கே எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அது பெரும்பாலும் ஒரு கூப்பிடு தூரம். வேலைக்குக் கூப்பிட்டால் கேட்க வேண்டும், அதே சமயம் பக்கத்திலும் இருக்கக்கூடாது. அந்தக் கூப்பிடு தூரம்தான் 500 மீட்டருக்கு உள்ளே வந்து விழுகிறது.

முதலில் வந்தவர்கள்

ரோடு போட்ட கையோடு பஸ் வரும் என்று நினைத்தோம். வந்தது குழு லோன் வசூல் செய்யும் தம்பியின் பல்சர். அதுவரை மழைக்காலத்தில் அவர்களும் வரமாட்டார்கள், தவணை கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தார் வந்த பிறகு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி என்றால் ஏழு மணி, கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு 400 மீட்டரையும் நடந்தே வந்துவிடுவார்கள்.

அடுத்து ஸ்பீக்கர் கட்டிய காய்கறி வண்டி. தக்காளியும் வெங்காயமும் சேத்தியாத்தோப்பு விலைக்குக் கிட்டத்தட்ட வந்தன, வாசலில் நின்றே வாங்கலாம். தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்த பெரியம்மாவுக்கு அதோடு வியாபாரம் படுத்துவிட்டது, வெற்றிலை பாக்கும் பீடியும் மட்டும் மிச்சம். கேஸ் சிலிண்டர் கோயில் வரை வந்தது. தமிழ்நாட்டில் 2008-இல் 108 ஆம்புலன்ஸ் தொடங்கியபோது அதுவும் கோயில் வரை வந்தது, அங்கிருந்து ஸ்ட்ரெச்சர். கயிற்றுக் கட்டிலோடு இரண்டரை கிலோமீட்டர் போனதற்கு இது எவ்வளவோ மேல், அதில் சந்தேகமே வேண்டாம்.

மிஷினும் வேலை வண்டியும்

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

எங்கள் தெருப் பெண்களுக்கு வருஷத்தில் பெரிய வேலைகள் இரண்டு, நடவும் அறுப்பும். அறுப்புக் கூலி நெல்லாகவே வரும், அந்த நெல்தான் வீட்டுக் குதிரில் ஆடி வரை கிடக்கும். ரோடு வந்த இரண்டாவது தையில் ஒரு லாரியின் மேல் பெல்ட் வைத்த அறுவடை மிஷின் உட்கார்ந்து வந்தது. களிமண் வயலில் டயர் மிஷின் இறங்கினால் புதையும், பெல்ட் மிஷின்தான் ஓடும்; ஆனால் அது தன் காலால் தூரம் நடக்காது, லாரியில்தான் வர வேண்டும், லாரி வர ரோடு வேண்டும். ரோடு வந்துவிட்டது. இருபது பெண்கள் இரண்டு நாள் அறுக்கிற வயலை ஒரு மதியத்தில் முடித்துவிட்டுப் போனது. சில வருஷத்தில் வைக்கோலைச் சுருட்டிக் கட்டுக்கட்டாக உருட்டும் மிஷினும் பின்னாலேயே வந்தது. அதுவரை அறுத்த வயலில் நாலு கட்டு வைக்கோலை மாட்டுக்கு என்று கேட்டு எடுத்துவருவோம், இப்போது அந்தக் கட்டுக்கு விலை இருக்கிறது, வெளியூர் லாரியில் ஏறுகிறது. தெருவில் மாடு குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே ரோட்டில், அதே வருஷங்களில், விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு லோடு ஆட்டோ வர ஆரம்பித்தது. வேலை வண்டி. நடவுக்கும் களைக்கும் பெண்களை செட்டாக ஏற்றிக்கொண்டு இருபது, முப்பது கிலோமீட்டர் போகும், ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகைப் பேச்சு, சாயங்காலம் காசு கையில். ஆண்கள் சிதம்பரம், கடலூர் தாண்டிப் பாண்டிச்சேரி வரை சித்தாள் வேலைக்கும் கம்பி கட்டவும் போனார்கள். முன்பு வேலைக்குக் கூப்பிட்டு 'உடம்பு முடியல' என்று சொன்னால்கூட அன்று சாயங்காலம் திண்ணையில் விசாரணை நடக்கும். இப்போது "நாளைக்கு வண்டிக்குப் போறேங்க, வேற ஆள் பாத்துக்குங்க" என்று சொல்ல முடிகிறது. அதைச் சொல்ல முடிவதுதான் இந்த ரோடு எங்கள் தெருவுக்குக் கொடுத்ததில் பெரியது என்பேன்.

ஆனால் முழுப் பெயரையும் ரோட்டுக்கே கொடுத்துவிட முடியாது. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதல் சுற்றில் எடுத்த ஆறு மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, அதுவும் உள்ளூரிலேயே. கூலி கேட்டு வாங்கும் தைரியம் அந்த ஏரி வேலையிலிருந்து எவ்வளவு வந்தது, வேலை வண்டியிலிருந்து எவ்வளவு வந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

இதைப் பெரிய அளவில் பிரித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சாம் ஆஷர், பால் நொவோசாட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதே திட்டத்தின் 500, 1000 என்கிற மக்கள்தொகை எல்லைகளை வைத்தே, எல்லைக்குச் சற்று மேலே இருந்த கிராமங்களையும் சற்றுக் கீழே இருந்த கிராமங்களையும் நாடு முழுவதும் ஒப்பிட்டு 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ரோடு வந்து நாலு வருஷத்தில் பெரிதாக மாறியது ஒன்றுதான்: விவசாய வேலையை விட்டு ஆட்கள் வெளி வேலைக்குப் போனார்கள். விளைச்சலிலோ வருமானத்திலோ வீட்டுச் சொத்திலோ குறிப்பிடும்படி மாற்றம் இல்லை, ஊருக்குள் புதுத் தொழில்களும் அதிகம் முளைக்கவில்லை. முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இவ்வளவு செலவழித்து இவ்வளவுதானா என்று. அப்புறம் சின்னம்மாவிடம் கேட்டேன், ரோட்டால் நமக்கு என்ன லாபம் என்று.

"முன்ன வேலை ஊர்லயே இருந்துது, கூலிதான் சரியா வராது. இப்ப கூலி வருது, வேலை எந்த ஊர்லன்னு வண்டி ஏறினப்புறந்தான் தெரியும். இதுல லாபம் எது, நஷ்டம் எதுன்னு நீதான் படிச்சவன், சொல்லேன்" என்றாள்.

லோடு ஆட்டோ சரக்கு ஏற்றும் வண்டி, அதில் பதினெட்டுப் பேர் நின்றுகொண்டு போகிறார்கள் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஏறுகிறார்கள்.

படிப்பிலும் இப்படி இரண்டு பக்கம் உண்டு. ரோடு வந்த கிராமங்களில் நடுநிலைப் பள்ளியில் சேர்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று ஆஷர், நொவோசாட் இருவரும் அஞ்சலி அடுகியாவோடு சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. இதே சாலைகளால் பதின்வயதுப் பிள்ளைகள் சிலர் படிப்பை விட்டு வேலைக்குப் போனதாக வேறோர் ஆய்வு சொல்கிறது. எங்கள் தெருவில் இரண்டையும் பார்த்தேன். பெண்கள் பன்னிரண்டாவது வரை போவது சாதாரணமாகிவிட்டது, 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயோடு மூன்று பேர் இப்போது சிதம்பரத்தில் கல்லூரியில் இருக்கிறார்கள். பையன்களில் சிலர் பத்தாவதோடு அதே வேலை வண்டியில் ஏறிவிட்டார்கள். பதினாறு வயதில் சாயங்காலம் கையில் காசு இருந்தால் பள்ளிக்கூடம் எப்படி ருசிக்கும்? இன்னொரு விஷயம், அரசு இலவச சைக்கிள் தருவது பதினொன்றாவதில். எங்கள் ஊர்ப் பெண்கள் நின்றுபோவது ஒன்பதாவதில்.

டிக்கெட் இலவசம்

2021 மே மாதத்திலிருந்து அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், சின்னம்மா காட்டுமன்னார்கோயில் போவதே அதற்குப் பிறகுதான் அதிகமானது. ஆனால் பஸ் மெயின் ரோட்டில்தான் போகிறது. உள்ளிருந்து மெயின் ரோட்டுக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய், திரும்பி வர 20. முழங்கால் வலி உள்ள ஒரு பாட்டிக்கு இலவசப் பயணத்தின் விலை 40 ரூபாய்.

பஸ் ஏன் உள்ளே வரவில்லை என்றால், மூன்றே முக்கால் மீட்டர் ரோட்டில் எதிரே டிராக்டர் வந்தால் பஸ் மண் அணைப்பில் இறங்க வேண்டும், மழையில் அந்தக் களியில் இறங்கிய சக்கரம் ஏறாது. வழியில் மதகுப் பாலம் குறுகல். எல்லாவற்றுக்கும் மேல், வந்த பஸ் திரும்ப இடம் இல்லை. ரோட்டுக்கு மதிப்பீடு போட்டவர்கள் தூரத்தைத்தான் கணக்கெடுத்தார்கள், பஸ் திரும்புவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பெரிய பஸ் போகாத ஊர்களுக்காகவே 1997-இல் மினி பஸ் திட்டம் வந்தது, 2025-இல் அதைப் புது விதிகளோடு மறுபடி தொடங்கினார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. தனியார் ஓட்டுவது, பயணி இருந்தால்தான் வருவார்கள், ஆனால் பயணிகள் எல்லாம் ஏற்கெனவே டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கிவிட்டார்கள், வாங்க முடியாதவர்கள்தான் மிச்சம்.

அந்த 400 மீட்டர்

ஆறு வருஷம் கழித்து எங்கள் 400 மீட்டருக்கும் வழி பிறந்தது, நூறு நாள் திட்டத்தின் பொருள் செலவுப் பங்கிலிருந்து சிமெண்ட் ரோடு. அந்தத் திட்டத்தில் செலவு அப்போது 60-க்கு 40, கூலிக்கு 60 போக மிச்சத்தில் ஜல்லி, சிமெண்ட் வாங்க முடிந்தது. முதல் தடவை போட்டபோது தெருவே விடிய விடியத் தூங்கவில்லை, நாய் மிதித்துவிடக்கூடாது என்று பையன்கள் காவல் இருந்தார்கள்.

பிறகு அதன்மேலேயே இன்னொரு அடுக்கு. அதற்கும் மேலே இன்னொன்று. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், வீடுகளின் மட்டம் தாழக்கூடாது என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். எங்கள் தெருவில் சின்னம்மா வீட்டு வாசற்படி இரண்டு, இப்போது ஒரு படியைக் காணோம், இன்னொரு படி உள்பக்கமாக இறங்குகிறது. மழை வந்தால் ரோட்டுத் தண்ணீர் நேராகக் கூடத்துக்குள். ஐப்பசியில் வாசலில் மண்மூட்டை அடுக்குவது வழக்கமாகிவிட்டது.

தார் ரோட்டின் கதை வேறு. ஐந்து வருஷப் பராமரிப்பு முடிந்ததோடு ஒப்பந்தக்காரரைக் காணோம். கோடையில் களி சுருங்கும்போது நீளவாக்கில் வெடிப்பு விடும், மழையில் உப்பும்போது அதே இடம் எழும்பும். அதோடு சேடை (நடவுக்கு முன் சேற்று உழவு) உழும் டிராக்டர்கள், சேற்றுக்காக மாட்டிய இரும்புச் சக்கரமான கேஜ் வீலைக் கழற்றாமல் அப்படியே ரோட்டில் ஓட்டுகிறார்கள், கழற்றி மாட்ட அரை மணி நேரம் ஆகுமாம். சம்பா நடவு சீசன் முடிந்ததும் வந்து பாருங்கள், தார் முழுக்க வரிவரியாகக் கீறியிருக்கும். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, நாங்களும் மாசி, பங்குனியில் உளுந்துச் செடியை அதே ரோட்டில் பரப்பி வண்டி ஏறட்டும் என்று விடுகிறவர்கள்தான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் கேட்கிறார்கள், நெல்லை எங்கே காயவைப்பது? களம் இல்லாத ஊருக்கு ரோடுதான் களம். ராத்திரியில் நெல்லைச் சுற்றி வைத்த கல்லில் பைக்கோடு விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவர்களில் என் மச்சானும் ஒருவர், அவர் விழுந்தது அவர் காயவைத்த நெல்லில்தான்.

போன அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் தெருப் பெண்கள் எழுந்து மினி பஸ் வேண்டும் என்று கேட்டார்கள். வண்டி திரும்ப இடம் காட்டினால் எழுதி அனுப்பலாம் என்று பதில் வந்தது. மாரியம்மன் கோயிலுக்குத் தென்புறம் பத்து சென்ட் களத்துப் புறம்போக்கு இருக்கிறது, வரைபடத்திலும் இருக்கிறது, பஸ் தாராளமாகத் திரும்பும். அதில் ஊர்த் தெருவில் ஒருவரின் வைக்கோல் போர் நிற்கிறது. தீர்மானம் எழுதினார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், பழைய போரை எடுத்துவிட்டுப் புது வைக்கோலில் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வேலை வண்டி அதன் ஓரமாக நின்றுகொண்டிருந்தது, சின்னம்மா தூக்குவாளியோடு பின்னால் ஏறினாள்.